கதவு திறந்த செய்தி

மிசாங் தீவு
பிப்ரவரி 4, 2001

அன்புள்ள மினிங்,

இங்கு நான் நலம். முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. நீ நலமா? உன் வாடகை அறையில் இன்னும் எலித் தொல்லைதானா?

நீ புரோகிராம் எழுதிய பெட்டி வந்து சேர்ந்தது. உங்கள் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் இஸித்ரோவின் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார்கள். குன்றின் மேலே, டெலிபோன் கோபுரத்தடியில் இருக்கும் இரும்பு அலமாரிக்குள் அதைப் பொருத்தினார்கள். மறுபடி வாந்தி எடுக்கப் படகேறிவிட்டார்கள். பெட்டி ஒரு ரொட்டி டப்பா அளவுகூட இல்லை. இதற்காகவா தாயே, இரண்டு கிறிஸ்துமஸுக்கு ஊர்ப்பக்கம் வராமல் உட்கார்ந்திருந்தாய்?

போகும்போது நான் ஆபீசோடு பேசுகிற கருவியைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். “இனிமே இது எதுக்குண்ணே? கரண்ட்டை இது வேற தின்னுது. பேட்டரி இறங்குனா, சூடு ஏறுனா, எல்லாத்தையும் பெட்டியே மணிலாவுக்குச் சொல்லிடும்” என்றான் ஒருவன். “நான் இறங்கிட்டா யாருப்பா சொல்றது?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

யோசித்துப் பார். வடக்குத் தீவுகளில் எவன் எவளோடு பேசினாலும் அந்தப் பேச்சு என் தலைக்கு மேலேதான் போகிறது. கல்யாணப் பேச்சு, சொத்துச் சண்டை, எல்லாம். அதைக் காவல் காக்கிற எனக்கு ஒரு வார்த்தை பேச வழியில்லை. இனி படகு வருகிறபோது கடிதம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். அலமாரிக் கதவைத் திறந்தால்கூடப் பெட்டி உங்களிடம் கோள் சொல்லிவிடுமாமே? நிஜமா, இல்லை என்னைப் பயமுறுத்தினார்களா?

உன் அண்ணன்,
சியானோ

---

கேசோன் நகரம், மணிலா
பிப்ரவரி 26, 2001

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறாயா, இல்லை சும்மா புலம்புகிறாயா? நான் நலம். எலி போய்விட்டது. வீட்டுக்காரம்மாள்தான் போகவில்லை.

பெட்டியைக் கேலி செய்யாதே, எனக்குக் கோபம் வரும். அதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள இருக்கும் இடம் ரொம்பக் கொஞ்சம். ஒரு தபால் அட்டையில் மொத்தக் குடும்பக் கதையையும் எழுதச் சொன்ன மாதிரி என் வேலை. அதனால் எது எது கெட்டால் வாய் திறக்க வேண்டும் என்று சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் பேசாது. கெட்டால் ஒரே ஒரு தடவை சொல்லும். சொன்னதும் மறந்துவிடும். இந்தப் பக்கம் யாராவது கேட்டார்களா என்பது அதற்குத் தெரியாது. பதிவுத் தபால் மாதிரி ஒப்புகை வாங்கலாம்தான். ஆனால் ஒப்புகை வரும்வரை சொன்னதை ஒரு பிரதி வைத்திருக்க வேண்டுமே, அதற்கு இடம் எங்கே இருக்கிறது?

கதவு விஷயம் நிஜம். போன வாரம் எதிர்ச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் “மிசாங்: கதவு திறந்தது” என்று ஒரு சிவப்பு வரி வந்தது. அப்போது நீ அங்கே நின்றுகொண்டிருக்கிறாய் என்று தெரிந்ததும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன் அண்ணா. இந்த அறையில் யாருக்கும் அது புரியாது.

ஒன்று செய்யேன். சாயங்காலம் பேட்டரி பார்க்க மேலே போவாய் அல்லவா? நான் கிளம்புவதற்கு முன்னால், ஐந்து மணிவாக்கில் திற. நான் பார்த்துவிட்டுப் போகிறேன்.

ஹாங்காங்கிலிருந்து நேனா அண்ணி எழுதினாளா? கேட்டதாகச் சொல்.

உன்
மினிங்

---

மிசாங் தீவு
மார்ச் 25, 2001

அன்புள்ள மினிங்,

நலம், நலமறிய ஆவல். எண்ணெய் தடவுகிறேன். புலம்பவும் செய்கிறேன்.

நீ சொன்னபடி தினமும் திறக்கிறேன். முதல் நாள் சட்டை மாற்றிக்கொண்டு போனேன், என்ன முட்டாள்தனம் பார். திறந்ததும் பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு கண் சிமிட்டுகிறது. இந்நேரம் மினிங் திரைக்கு எதிரே நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு அன்றைய சமாச்சாரம் சொல்வேன். இன்று காற்று வடக்கே திரும்பிவிட்டது, மாடு ஒன்று என் கிழங்குப் பாத்தியை மேய்ந்துவிட்டது, அப்படி. பெட்டிக்கு அதெல்லாம் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்வேன்.

அரயு மீன் பருவம் தொடங்கியதால் தீவில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. இஸித்ரோவின் மனைவி லூர்தெஸ் ஒரு நாள் விறகு பொறுக்க மேலே வந்தவள் பார்த்துவிட்டாள். “என்ன சியானோ, இரும்பு அலமாரிக்கு வணக்கம் வைக்கிறே? புதுசா கும்பிட ஆரம்பிச்சுட்டியா?” என்றாள். “என் தங்கச்சி பாக்கறா” என்றேன். அவள் அலமாரிக்குள் தலையை விட்டு, “மினிங், உங்க அண்ணன் சட்டையில பொத்தான் இல்ல, வந்து தைச்சுக் குடு” என்று கத்தினாள். ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். எனக்கு இந்த வருஷம் பரவாயில்லாமல் போகிறது.

நீ பார்த்தாய் என்று ஒரு வரி எழுது. அது போதும்.

அன்புடன்,
சியானோ

---

கேசோன் நகரம்
ஏப்ரல் 23, 2001

அன்புள்ள அண்ணா,

பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன். பெரிய வெள்ளியன்று மட்டும் வரி வரவில்லை. இருட்டும்வரை திரையை விட்டு நகரவில்லை. அப்புறம்தான் அன்று வேலை செய்வது பாவம் என்று நீ எந்தக் கதவையும் தொட மாட்டாய் என்று உறைத்தது. மறுநாள் வந்ததும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது? சட்டைப் பொத்தானை லூர்தெஸ் அக்காளையே தைக்கச் சொல்.

இங்கே என் மேலதிகாரி ஒகாம்போ சாருக்கு உன்மேல் கோபம். “ஏம்மா, எல்லாத் தீவுலயும் புயல் வந்தா சிவப்பு வருது. இந்த ஒரு தீவுல மட்டும் தினம் சாயங்காலம் கதவு திறக்குது. பேய் கீய் குடியிருக்கா?” என்றார். நான் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் உனக்குத் திட்டு விழும்.

இன்னொரு தலைவலியும் இருக்கிறது. பெட்டி பேசுவதை நடுவில் யாரும் ஒட்டுக் கேட்கக் கூடாது என்று இனி ஒவ்வொரு செய்தியையும் பூட்டுப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். பூட்டுக்கே பாதி இடம் போய்விடும். எனவே இருக்கிற வரிகளில் எதையாவது எடுத்தாக வேண்டும். அவர் கதவு வரியை எடு என்கிறார். நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி எழுதினாளா? போன தடவையே கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

உன்
மினிங்

---

மிசாங் தீவு
ஜூன் 2, 2001

அன்புள்ள மினிங்,

நலம். மழை பிடித்துக்கொண்டது. உனக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உங்கள் ஆள் ஒருவன் மறுபடி வந்தான். பெட்டியைத் திறந்து சிப்பை மாற்றிவிட்டு, “புது புரோகிராம்” என்றான். கதவு வரி என்ன ஆயிற்று என்று அவனைக் கேட்டேன். “எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே, குடுத்ததை மாட்டுவேன்” என்றுவிட்டான். பச்சை விளக்கு முன்போலவே சிமிட்டுகிறது. நீ சண்டையில் ஜெயித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்தே நீ தோற்றுப் பார்த்ததில்லை.

மீன் பருவம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். குன்றின் அடிவாரத்தில் இஸித்ரோவும் லூர்தெஸும் மட்டும்தான். மழையில் அவர்களும் இந்தப் பக்கம் வருவதில்லை. நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு சாயங்காலம் பேசினால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருக்கிறது.

ஆனால் எனக்குப் பயமில்லை. ஏன் தெரியுமா? சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கதவு திறக்கவில்லை என்றால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீ பெரிய தீவில் இருக்கும் பாஸ்கோ ஆபீசுக்குச் சொல்லிப் படகு அனுப்பிவிடுவாய். அதை நம்பித்தான் இந்தப் புயல் மாதங்களில் இங்கே இருக்கிறேன்.

இன்னும் தெரிகிறதுதானே? எழுது.

சியானோ

---

கேசோன் நகரம்
ஜூலை 1, 2001

அன்புள்ள அண்ணா,

நலமா? எனக்கு லேசாகக் காய்ச்சல், இப்போது தேவலை.

பார்க்கிறேன்.

வேலை நெரிக்கிறது, அதனால் நீளமாக எழுத முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பெட்டியை மட்டும் நம்பாதே. அது ஒரு சின்னச் சாமான். இஸித்ரோவிடம் சொல்லி வாரத்துக்கு இரண்டு தடவையாவது வந்து எட்டிப் பார்க்கச் சொல். லூர்தெஸ் அக்காளுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு. நான் கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணா. கேட்பாயா?

உன்
மினிங்

---

மிசாங் தீவு
ஆகஸ்ட் 3, 2001

அன்புள்ள மினிங்,

காய்ச்சல் முழுக்க விட்டதா? கஞ்சி குடி.

லூர்தெஸுக்கு நீ எழுதியதை நான் கொடுக்கவில்லை. கோபித்துக்கொள். “பாவம் சியானோ, தனியா கிடக்கான்” என்று அவள் மீனைத் தூக்கிக்கொண்டு மழையில் குன்றேறி வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இஸித்ரோவுக்கும் முதுகு சரியில்லை. நீ பார்க்கிறாய், அது போதாதா? நேற்று மழை கொட்டியது, வழுக்கிக்கொண்டே ஏறினேன். திறந்து, மினிங் இன்னும் கிளம்பியிருக்க மாட்டாள் என்று சொல்லிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். இறங்க மனமில்லை.

ஒரு வேடிக்கை சொல்லவா? கல்யாணமான புதிதில்கூட நான் இப்படி நேரம் பார்த்து வீட்டுக்குப் போனதில்லை. நேனா இதைக் கேட்டால் அலமாரியைக் கடலில் தள்ளிவிடுவாள்.

தெற்கே மேகம் சரியில்லை. கூரைக்கு வடம் கட்ட வேண்டும்.

சியானோ

---

கேசோன் நகரம்
செப்டம்பர் 8, 2001

அன்புள்ள அண்ணா,

நலமா? புயல் உங்களைத் தாண்டிப் போய்விட்டதாக வானொலியில் சொன்னார்கள். திரையில் மிசாங் முழுக்கப் பச்சை. பேட்டரி சரி, சூடு சரி, கோபுரம் சரி. இதைப் பார்த்தவுடன் எழுது. நீளமாக வேண்டாம், நலம் என்று ஒரு சொல் எழுது.

மினிங்

---

பாஸ்கோ அரசு ஆஸ்பத்திரி
அக்டோபர் 1, 2001

அன்புள்ள மினிங்,

முதலில் நீ எப்படி இருக்கிறாய் என்று சொல். மற்றதெல்லாம் அப்புறம்.

புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் கோபுரத்தைப் பார்க்க ஏறினேன். பாதி வழியில் மண் சரிந்து மண்ணோடு கீழே வந்துவிட்டேன். எலும்பு முறிந்தது தெரிந்தது. கணுக்காலில் காயமும் ஆழம். எப்படியோ ஊர்ந்து குடிசைக்குப் போனேன். தண்ணீர் இருந்தது, வேகவைத்த கிழங்கு இருந்தது. இறக்கத்தில் தவழ்ந்தே போயிருந்தால்கூட பொழுது சாய்வதற்குள் இஸித்ரோவின் வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் காலை அசைத்தால் உயிர் போயிற்று. எதற்கு அவதி, இன்று கதவு திறக்கவில்லை, நாளையும் திறக்காது, மினிங் பார்த்துவிடுவாள் என்று படுத்துக்கொண்டேன்.

படகு வரவில்லை. கடல் கொந்தளிப்பு, அதனால் தாமதம் என்று நினைத்தேன். கடல் அடங்கியது. அப்போதும் வரவில்லை. அதற்குள் காய்ச்சல் ஏறி, தவழ்ந்து போகலாம் என்றாலும் தெம்பில்லாமல் போயிற்று. படுத்தபடி ஒன்றைத்தான் யோசித்தேன். மினிங் வேலைக்கு வரவில்லை. வந்திருந்தால் பார்த்திருப்பாள். அந்தக் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டதோ, அந்த ஊர் பஸ்ஸில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று எனக்கு உன் நினைப்பாகவே இருந்தது. புயலுக்குப் பிறகு மீன் கொடுக்க வந்த லூர்தெஸ்தான் என்னைப் பார்த்துக் கத்தினாள். படகில் போட்டபோதும் “மினிங்குக்கு என்ன ஆச்சுன்னு யாராவது கேளுங்க” என்று நான் பிதற்றினேனாம்.

காலுக்கு வைத்தியம் நடக்கிறது. நீ உடனே எழுது. உனக்கு என்ன ஆயிற்று?

சியானோ

---

கேசோன் நகரம்
அக்டோபர் 11, 2001

அண்ணா,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் நன்றாகத்தான் இருந்தேன். தினமும் வேலைக்கு வந்தேன். தினமும் ஐந்து மணிக்கு அந்தத் திரைக்கு முன்னால் நின்றேன்.

மே மாதமே கதவு வரியை எடுத்தாகிவிட்டது. ஒகாம்போ சார் எடுக்கச் சொன்னார், எடுத்தது நான். என் கையால் எடுத்தேன். அந்த ஒரு வரி போனால்தான் பேட்டரி வரி பிழைக்கும் என்று ஆனபோது என்னிடம் வேறு வாதம் இல்லை. உன் ஜூன் கடிதம் வந்தபோது உண்மையை எழுத உட்கார்ந்தேன். நீ சட்டை மாற்றிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. இந்த வருஷம் பரவாயில்லை என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. “பார்க்கிறேன்” என்று எழுதிவிட்டேன். இஸித்ரோவைக் கெஞ்சி ஏற்பாடு செய்துவிட்டால் பொய் பொய்யாக இருக்காது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

புயலுக்குப் பிறகு படகு அனுப்பச் சொல்லி ஒகாம்போ சாரிடம் கேட்டேன். “எல்லாம் பச்சையா இருக்கு, எதுக்கும்மா படகு?” என்றார். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டி வருமே என்று நான் அழுத்திக் கேட்கவில்லை. பச்சை என்றால் எல்லாம் சரி என்று இந்த அறைக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். “கூப்பிட்டேம்மா, வரலைங்கறாரு” என்றாள் நர்ஸ். காலைப் பற்றிக் கேட்டேன். “அதை அவரே சொல்லட்டும்” என்று வைத்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைத் திட்டியாவது எழுது.

மினிங்

---

கேசோன் நகரம்
நவம்பர் 2, 2001

அண்ணா,

பதில் இல்லை. மறுபடி போன் செய்தேன், வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். நேற்று சகல புனிதர் திருநாள் என்று எல்லோரும் கல்லறைக்குப் போனார்கள். பாஸ்கோவில் அம்மாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி வைத்தாயா? நடக்க முடிகிறதா?

இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்ததா, கிடைத்தும் பிரிக்காமல் வைத்திருக்கிறாயா, எனக்கு எதுவும் தெரியவில்லை. தினமும் வாசலில் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ மேலே நின்றதெல்லாம் இப்படித்தானே அண்ணா? உனக்காவது பார்க்கிறாள் என்ற நம்பிக்கை இருந்தது.

விமானத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மினிங்

---

பாஸ்கோ
நவம்பர் 24, 2001

மினிங்,

கடிதங்கள் கிடைத்தன. பிரித்துப் படித்தேன். இரண்டையும் பல தடவை படித்தேன்.

போனுக்கு ஏன் வரவில்லை என்றால், நீ அழுவாய், நான் பரவாயில்லை என்பேன். எனக்குப் பரவாயில்லை என்று சொல்ல இஷ்டமில்லை. இப்போதும் இல்லை.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் புரையோடிவிட்டதாம். முதல் நாளே வந்திருந்தால் மாவுக்கட்டோடு போயிருக்கும் என்றார் டாக்டர். முதல் நாளே ஏன் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்திருந்தால் நான் தவழ்ந்து போயிருப்பேன் மினிங். கத்திக்கொண்டே போயிருப்பேன். நீ பார்ப்பதாகச் சொன்னதால் படுத்துக் கிடந்தேன். இதை உன்னிடம் சொல்லாமல் விழுங்கிவிடலாம் என்று ஒரு மாதம் முயன்றேன், முடியவில்லை.

நேனாவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாய். அவள் போன வருஷமே எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஹாங்காங்கில் வேறொருவனோடு இருக்கிறாள். உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று நான் சொல்லவில்லை. இதை எழுதும்போதுதான் உன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தடுமாறுகிறது.

தீவுக்கு இனி ஆள் தேவையில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அம்மா வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சோறு கொடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். சாயங்காலம் ஆனால் எங்கே போவது என்று தெரியவில்லை.

இனி எனக்கு எதையும் பார்த்தேன் என்று எழுதாதே. விமானம் ஏறி வா. வந்து கதவைத் தட்டு. ஊன்றுகட்டைகளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து திறக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகும். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே. நில்.

சியானோ